நூலகர் ஆவது எப்படி: பி.லிப்., எம்.லிப்., நெட், முதல் வேலை – முழுமையான வழிகாட்டி

நூலக அறிவியல் படிக்க வருகிறவர்களில் பலர் முதலில் கல்லூரியைத் தேடுகிறார்கள். பட்டம் கைக்கு வந்தபிறகு, அதற்கு என்ன வேலை கிடைக்கும் என்று தேடுகிறார்கள். இந்தத் துறைக்கு அது தலைகீழ் வரிசை. நூலகர் என்ற ஒரே பெயருக்குள் ஏழெட்டுப் பதவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கேட்கும் தகுதி வேறு. எந்த நாற்காலி வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள். அந்தப் பதவிக்குக் கடைசியாக வந்த ஆள்சேர்ப்பு அறிவிக்கையை எடுத்து, கல்வித்தகுதிப் பத்தியைச் சொல் விடாமல் வாசியுங்கள். அதற்கு எந்தப் பட்டம் பொருந்துமோ அதில் சேருங்கள்.

புத்தகம் வாசிக்கப் பிடிக்கும் என்பது மட்டுமே காரணம் என்றால், வேறு வேலை பார்த்துக்கொண்டு நல்ல நூலகம் ஒன்றில் உறுப்பினராக இருப்பது மேல். பணி நேரத்தில் நூலகர் அதிகம் வாசிப்பது பில்லும் விலைப்பட்டியலும்தான்.

எந்த வேலைக்கு எந்தத் தகுதி

தமிழ்நாட்டில் பொது நூலகத்துறை தனி உலகம். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியில்தான் இந்தத் துறை ஓடுகிறது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று அடுக்கடுக்காக இறங்கும். கீழ்நிலைப் பதவிகளுக்குச் சான்றிதழ்ப் படிப்பே பேசப்பட்டு வந்திருக்கிறது. மாவட்ட நூலக அலுவலர் போன்ற மேல்நிலைப் பதவிகளுக்குப் பட்டம் வேண்டும்; அவை தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக வருகின்றன.

கல்லூரி, பல்கலைக்கழக நூலகர் பணிக்கு அளவுகோல் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை. உதவி நூலகர், கல்லூரி நூலகர் இரண்டுக்கும் முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு, நூலகக் கணினிமயம் பற்றிய அறிவு, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி வேண்டும். மானியக் குழு விதிப்படி முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு நெட் விலக்கு உண்டு. சம்பளம் உதவிப் பேராசிரியருக்கு உள்ள அதே நிலை 10, தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.57,700. எம்.லிப். எனப்படும் அந்த முதுநிலை நூலக அறிவியல் படிப்பைப் படிக்கும்போது கண்ணில் வைத்திருக்க வேண்டிய ஒரே எண் அந்த 55. பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத் திறனாளிகளுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. மற்றவர்கள் 54.6 வாங்கிவிட்டு 55 என்று எழுத முடியாது. முழுமையாக்கும் வழக்கம் கிடையாது.

கேந்திரிய வித்யாலயா நூலகர் பணிக்கு முதுநிலை தேவையில்லை. நூலக அறிவியலில் இளநிலைப் பட்டம், அல்லது ஏதாவது ஒரு பட்டத்தோடு ஓராண்டு டிப்ளமா, அதோடு ஆங்கிலமும் இந்தியும் புழங்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊதிய நிலை 7, தொடக்கம் ரூ.44,900. பி.லிப். எனப்படும் அந்த இளநிலைப் படிப்பு மட்டும் முடித்தவருக்கு இதைவிட நல்ல இடம் அபூர்வம். அதனால்தான் போட்டியும் கடுமை.

நான்காவது வகை ஆராய்ச்சி நிறுவனங்கள், மத்திய அரசு அலுவலகங்கள், ஆவணக் காப்பகங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால், சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் பட்டத்தோடு பழந்தமிழ், கிரந்த எழுத்து, சுவடிப் பாதுகாப்பு, எண்ணிமமாக்கம் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. இடங்கள் கொஞ்சம்; தகுதியுள்ளவர்கள் அதைவிடக் கொஞ்சம்.

பட்டங்கள், சேரும் வழிகள்

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் இந்தத் துறைக்குள் வரலாம். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆய்வு நூலகங்கள் அறிவியல் பட்டதாரிகளைத்தான் விரும்புகின்றன. இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனே கணிதப் பேராசிரியராக இருந்துவிட்டு, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர்.

இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, ஓராண்டு பி.லிப்., பிறகு ஓராண்டு எம்.லிப். இரண்டாவது, பட்டம் முடித்தவுடன் நேரடியாக இரண்டாண்டு ஒருங்கிணைந்த எம்.லிப். செலவும் காலமும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு விண்ணப்பம் போடும்போது தெரியும். சில அறிவிக்கைகள் ‘நூலக அறிவியலில் இளநிலைப் பட்டம்’ என்று மட்டும் எழுதிவிடும். ஒருங்கிணைந்த படிப்பு முடித்தவர் தன்னிடம் முதுநிலை இருக்கிறதே என்று நினைப்பார். சான்றிதழ் சரிபார்ப்பில் இளநிலைச் சான்று எங்கே என்று கேட்பார்கள். பள்ளி, பொது நூலகப் பணிகளைக் குறிவைப்பவர்கள் பி.லிப்., எம்.லிப். எனத் தனித்தனியாக எடுப்பது பாதுகாப்பு. கல்லூரி, ஆராய்ச்சி என்று முடிவெடுத்தவர்கள் ஒருங்கிணைந்த படிப்புக்குப் போகலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறை மிகப் பழையது. சென்னை நூலகச் சங்கம் 1929இல் தொடங்கிய கோடைகாலப் பயிற்சியை 1931இல் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1937இல் அது முதுநிலை டிப்ளமாவாக வளர்ந்தது. அண்ணாமலை, மதுரை காமராசர், பாரதிதாசன், அழகப்பா, பெரியார் பல்கலைக்கழகங்களிலும் திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் முதுநிலைப் பொது நுழைவுத்தேர்வான கியூட் எழுத வேண்டும். பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ரங்கநாதன் 1962இல் தொடங்கிய டி.ஆர்.டி.சி. (ஆவணமாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையம்) தனி ரகம். எழுத்துத் தேர்வு, நேர்காணல் இரண்டும் உண்டு; மாணவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு; பாடத்தில் கணினியும் புள்ளியியலும் தூக்கல். தகவல் அறிவியல் பக்கம் போக விரும்பும் கணித மனம் உள்ளவர்கள் முதலில் இதைத்தான் முயல வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பிற பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் பிரிவுகள் இருக்கின்றன. சேரும் முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை, நீங்கள் சேரும் அதே கல்வியாண்டில் நடத்த மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா? போன ஆண்டு அனுமதி இருந்தது என்பது போதாது. இரண்டு, தொலைநிலைக் கல்விக்கான டி.இ.பி. அடையாள எண் உங்கள் பெயரில் எடுத்தாயிற்றா? மூன்று, செய்முறை வகுப்பு எங்கே, எத்தனை நாள்? தொலைநிலை மாணவர்கள் பின்தங்குவது கோட்பாட்டில் அல்ல, செய்முறையில்.

இன்னொன்று. பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்கள், பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை இல்லை என்று தமிழ்நாடு அரசுப் பணிகளில் தகுதி இழப்பார்கள். இதை எம்.லிப். முடித்தபிறகு தெரிந்துகொண்டு பயனில்லை.

வகுப்பில் எங்கே சறுக்கும்

நூலக மேலாண்மை, நூலகமும் சமூகமும் போன்ற தாள்களை மனப்பாடமாகவே கடந்துவிடலாம். மதிப்பெண் சரிவது பகுப்பாக்கச் செய்முறையிலும் (பொருளுக்கேற்ப நூலுக்கு எண் தருவது) பட்டியலாக்கச் செய்முறையிலும் (நூலின் விவரங்களைப் பதிவது)தான். இவற்றைத் தேர்வுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து பிடிக்க முடியாது. நாளுக்கு ஐந்து தலைப்பு என்று போட்டுவந்தால் ஓராண்டில் கை பழகும்.

டூயி தசமப் பகுப்பில் மாணவர்கள் செய்யும் முதல் தவறு, பகுப்பு நூலின் அகரவரிசைச் சுட்டியில் எண்ணைப் பார்த்ததும் அப்படியே எழுதிவிடுவது. சுட்டி வழிகாட்டும், முடிவு அட்டவணையில்தான். அட்டவணையில் அந்த எண்ணின் கீழுள்ள குறிப்புகளை வாசித்து, மேல் வகுப்பிலிருந்து இறங்கி வந்து பாருங்கள். இரண்டாவது தவறு, பொதுத் துணைப்பிரிவுகளைச் சேர்க்கும்போது பூச்சியத்தை விடுவது. பொருளியல் 330; பொருளியல் அகராதி 330.03. சில தலைப்புகளில் இரண்டு பூச்சியம், மூன்று பூச்சியம் கேட்பார்கள். அதையும் அட்டவணையே சொல்லும்.

தமிழ் நூல்களுக்கு வரும்போது மொழிக்கும் இலக்கியத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ்மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811. இலக்கியத்தில் கடைசியாக 1 சேர்ந்தால் செய்யுள், 2 நாடகம், 3 புனைகதை. மொழியில் அதே 3 சேர்ந்தால் அகராதி, 5 சேர்ந்தால் இலக்கணம். ஆக 894.8113 நாவல், 494.8113 அகராதி. முதல் இலக்கத்தில் கை தவறினால் நாவல் அகராதி அடுக்கில் போய் உட்காரும். கேட்டு வருகிறவருக்கு ‘இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். அதோடு சங்கப் பாடலும் புதுக்கவிதையும் 894.8111 என்ற ஒரே எண்ணில் வந்து குவியும். தமிழ்த் தொகுப்பு பெரிதாக உள்ள நூலகம் அந்த எண்ணைத் தனக்கேற்ப விரித்துக்கொள்ளத்தான் வேண்டும். பணியில் சேர்ந்ததும் அந்த உள்ளூர் வழக்கம் எங்கே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். எழுதிவைக்கப்படவில்லை என்றால் எழுதுவது உங்கள் முதல் வேலை.

ரங்கநாதனின் கோலன் பகுப்பு இன்று புழக்கத்தில் குறைவு, தேர்வில் நிறைவு. ஆளுமை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைப் பிரிவுகளின் வரிசையையும் ஒவ்வொன்றுக்கும் உரிய இணைப்புக் குறியையும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தேர்வுக்காக என்று சலித்துக்கொள்ளாமல் படியுங்கள். ஒரு தலைப்பை முகம் முகமாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம், இன்றைய தரவுத்தள வடிகட்டிகளைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது.

பட்டியலாக்கத்தில் ஆங்கில நூல்களுக்கு விதிப்புத்தகம் வழி சொல்லும். தமிழ்ப் பெயர்களில்தான் சிக்கல். நம்முடைய முன்னெழுத்து குடும்பப் பெயர் அல்ல, ‘மு. வரதராசன்’ பதிவில் ‘வரதராசன், மு.’ என்றுதான் வர வேண்டும். புனைபெயர் இன்னொரு சிக்கல். புதுமைப்பித்தனை ஓரிடத்தில் அந்தப் பெயரிலும் இன்னோரிடத்தில் விருத்தாசலம் என்றும் பதிந்தால், ஒரே எழுத்தாளர் தேடலில் இரண்டு ஆட்களாகிவிடுவார். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் கணினிக்காகப் பதியும் மார்க் 21 முறையில் இதற்கு அதிகாரப் பதிவு என்று ஒன்று உண்டு: 100ஆம் புலத்தில் ஏற்றுக்கொண்ட பெயர், 400ஆம் புலத்தில் ‘இதைப் பார்க்க’ என்று மற்றப் பெயர். பாடத்தில் ஒரு பத்தியாகக் கடந்துபோகும் விஷயம் இது. வேலையிடத்தில் பட்டியல் உருப்படுவதும் கெடுவதும் இதில்தான்.

நூற்பதிவுக்கு அன்றாடம் தேவைப்படும் மார்க் புலங்கள் பத்துக்கு மேல் போகாது. 020 பன்னாட்டுத் தர நூல் எண், 041 மொழி, 082 டூயி எண், 100 ஆசிரியர், 245 தலைப்பு, 250 பதிப்பு, 264 வெளியீட்டு விவரம் (பழைய பதிவுகளில் 260), 300 பக்கமும் அளவும், 650 பொருள், 700 துணை ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பு நூலில் மொழிபெயர்ப்பாளரை 100இல் போடுவது அடிக்கடி காணும் பிழை.

வீட்டிலேயே கோஹா

நேர்காணலில் ‘கோஹா என்ற நூலக மென்பொருள் தெரியுமா’ என்று கேட்டால் ‘பாடத்தில் இருந்தது’ என்று சொல்கிறவருக்கும், ‘நிறுவியிருக்கிறேன், இருநூறு புத்தகம் ஏற்றியிருக்கிறேன்’ என்று சொல்கிறவருக்கும் உள்ள தூரம்தான் வேலைக்கும் காத்திருப்புக்கும் உள்ள தூரம். கோஹா நியூசிலாந்தில் உருவாகி 2000இல் நடைமுறைக்கு வந்த கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. இந்தியக் கல்லூரிகளில் கோஹா அல்லது மானியக் குழுவின் இன்ஃப்லிப்நெட் மையம் உருவாக்கிய சோல், இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் பார்ப்பீர்கள்.

பழைய கணினி போதும். பழகுவதற்கு 4 ஜி.பி. ராம் தாராளம். டெபியன் அல்லது உபுண்டு ஏற்றுங்கள். விண்டோஸை விட மனமில்லை என்றால் விர்ச்சுவல் பாக்ஸுக்குள் ஏற்றலாம். கோஹா திட்டத்தின் அதிகாரப்பூர்வத் தொகுப்பைச் சேர்த்து நிறுவினால் தரவுத்தளமும் வலைச் சேவையகமும் கூடவே அமையும். வலைவழி நிறுவியில் மார்க் 21 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைப் பிறகு மாற்றுவது எளிதல்ல. அடுத்து நூலகம், உறுப்பினர் வகை, நூல் வகை, வழங்கல் விதி என்ற வரிசையில் அமையுங்கள். பலர் முதல் மூன்றோடு நிறுத்திவிட்டு நூல் வழங்கிப் பார்ப்பார்கள். கெடு தேதி தாறுமாறாக விழும், முன்பதிவு தடைபடும். எல்லா நூலகம், எல்லா உறுப்பினர், எல்லா நூல் வகை ஆகியவற்றுக்கும் பொருந்தும்படி ஒரு பொது விதியை முதலில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

தமிழ்த் தேடலுக்குத் தனிக் கவனம் வேண்டும். தேடுபொறி ஜீப்ராவாக இருந்தால் அதில் யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யு. முறையை இயக்கி, தேடல் சுட்டியை முழுதாக மறுபடி கட்ட வேண்டும். இல்லையென்றால் கண்முன்னே இருக்கும் தலைப்பைத் தேடினாலும் ‘முடிவு இல்லை’ என்று வரும். அடுத்த சிக்கல் தட்டச்சில். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வழி, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் ஒன்றாகத் தெரியும், தேடலில் இரண்டாகும். எல்லாத் தரவையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கருவிகள் இதைச் சரிசெய்துவிடும். அவற்றாலும் சரிசெய்ய முடியாதது ‘ஔவையார்’. ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பார்கள். அதைக் கையால்தான் திருத்த வேண்டும். காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருப்பதும் அப்படியே. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் கிடைத்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எழுத்துருவை மட்டும் மாற்றிப் பார்ப்பது வேலைக்காகாது.

எக்செல் பட்டியலைக் கோஹாவுக்குள் கொண்டுவருவது கல்லூரிகளில் அடிக்கடி வரும் வேலை. இங்கே இரண்டு பொறிகள். 000451 என்ற வரவு எண்ணின் (ஒவ்வொரு நூலுக்கும் வரிசையாகத் தரும் எண்) முன்பூச்சியங்களை எக்செல் தின்றுவிடும். ஒட்டிய பார்கோடும் கணினியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. அந்த நெடுவரிசையை முன்கூட்டியே ‘உரை’ வகையாக மாற்றுங்கள். இரண்டாவது, சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். சேமித்த கோப்பை மார்க்எடிட் என்ற மென்பொருளில் மார்க் பதிவாக மாற்றி, முதலில் இருபது பதிவுகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சரியாக வந்தபிறகு மீதியை ஏற்றலாம். பத்தாயிரம் பதிவைத் தப்பாக ஏற்றிவிட்டுத் துடைப்பதற்கு ஒரு வாரம் போகும்.

காப்புப் பிரதி பற்றி ஒரு வார்த்தை. கோஹா தினமும் தானாகவே பிரதி எடுக்கும். ஆனால் அதே கணினியின் உள்ளேயே வைக்கும். வன்தட்டு போனால் பிரதியும் சேர்ந்து போகும். வேறொரு கணினிக்கோ வெளி வட்டுக்கோ நகலெடுக்கும் ஏற்பாடு நூலகரின் பொறுப்பு. அது கணினித் துறையின் வேலை என்று விட்டுவிடாதீர்கள்.

கோஹா கைவந்தபின் டிஸ்பேஸ் பழகுங்கள். கல்லூரியின் ஆய்வேடுகள், பழைய வினாத்தாள்களை எண்ணிமக் களஞ்சியமாக வைக்க அதைத்தான் கேட்பார்கள்.

நெட்

தேசியத் தேர்வு முகமை பொதுவாக ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடத்தும் தேர்வு இது. நூலக அறிவியலின் பாடக் குறியீடு 59. முதல் தாள் 50 கேள்வி 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி 200 மதிப்பெண். இரண்டும் சேர்த்து 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு கேள்வியையும் வெறுமனே விடாதீர்கள். எம்.லிப். இறுதியாண்டிலேயே எழுதலாம். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் சேர்த்தே பழக வேண்டும்.

நூலகத் துறை மாணவர்கள் தோற்பது பெரும்பாலும் முதல் தாளில். கணக்கு, தருக்கம், தரவு விளக்கம் என்றதும் ஒதுக்கிவிடுகிறார்கள். பத்து அலகு, அலகுக்கு ஐந்து கேள்வி. எளிதில் எடுக்கக்கூடிய மதிப்பெண் அங்கேதான் கிடக்கிறது.

இரண்டாம் தாளில் ஆண்டுகளைப் பொருத்தும் கேள்விகள் தவறாமல் வரும். டூயி பகுப்பின் முதல் பதிப்பும் அமெரிக்க நூலகச் சங்கமும் 1876, லோட்கா விதி 1926, பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பான இஃப்லா 1927, ரங்கநாதனின் ஐந்து விதிகள் 1931, கோலன் பகுப்பு 1933, பிராட்ஃபோர்டு விதி 1934, தேசிய அறிவியல் ஆவண மையமான இன்ஸ்டாக் 1952, நூலளிப்புச் சட்டம் 1954, ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை 1972, நூலக வலையமைப்பான டெல்நெட் 1988. மாநில நூலகச் சட்டங்களை வரிசையாகப் படியுங்கள்: சென்னை 1948, ஆந்திரம் 1960, கர்நாடகம் 1965, மகாராட்டிரம் 1967, மேற்கு வங்கம் 1979. நூலளிப்புச் சட்டத்தின்படி பதிப்பாளர்கள் நூற்படி அனுப்ப வேண்டிய நான்கு வைப்பு நூலகங்களில் ஒன்று சென்னை கன்னிமாரா, திறக்கப்பட்டது 1896 என்பதையும் மறக்காதீர்கள்.

நிதி உதவியோடு ஆராய்ச்சி செய்ய விரும்புவோருக்கு நெட் வழியே கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். வேண்டும், பொதுப்பிரிவுக்கு வயது உச்சவரம்பு 30, மாதம் ரூ.37,000. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு கிடையாது. ஓ.பி.சி. சலுகை கேட்பவர்கள் கவனிக்க: பி.சி., எம்.பி.சி. என்றுள்ள மாநிலச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்ற புதிய சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தேர்வாணைய வழி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் நிரந்தரப் பதிவுக் கட்டணம் ரூ.150, ஐந்தாண்டுக்குச் செல்லும். நூலகப் பதவிகளுக்கு முன்பு தனித் தேர்வாகவே அறிவிக்கை வந்ததுண்டு. ‘நூலகம்’ என்ற சொல் தலைப்பில் இருந்தால்தான் பார்ப்பேன் என்று இருக்காதீர்கள், ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் அறிவிக்கைகளுக்குள்ளும் பதவிப் பட்டியலைத் தேடுங்கள். தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள்.

பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் உள்ளபடியே இருக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகம் வேறு பெயரில் பட்டம் தந்திருந்தால், அது இணையானது என்று சொல்லும் அரசாணை வேண்டும். அந்த ஆணை அறிவிக்கை நாளுக்கு முன்பே வெளியாகியிருக்கவும் வேண்டும். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கேட்பவர்கள், முதல் வகுப்பு முதல் பதவிக்குரிய கல்வித்தகுதி வரை ஒவ்வொரு நிலைக்கும் தமிழ்வழிச் சான்று தர வேண்டும். நூலகப் பட்டம் ஆங்கில வழியில் என்றால் அந்த இடத்தில் சங்கிலி அறுந்துவிடும். தொலைநிலையில் படித்தவர்கள் இதுபற்றி அறிவிக்கையில் உள்ள வாசகத்தை வரி வரியாகப் பார்ப்பது நல்லது.

தனியார் கல்லூரியில் முதல் வேலை

நெட் கிடைக்கும்வரை பெரும்பாலோர் சேரும் இடம் இது. மானியக் குழு ஊதியத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். நியமன ஆணையில் ‘நூலகர்’ என்று எழுதுவார்களா, ‘நூலக உதவியாளர்’ என்றா? பின்னாளில் அனுபவச் சான்றில் அந்தச் சொல்தான் பேசும். நூலகப் பணி தவிர வேறு என்ன வேலை, எத்தனை பேர் உடன் இருப்பார்கள், ஆண்டு நிதி எவ்வளவு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அவர்கள் உங்களிடம் கேட்பது பெரும்பாலும் கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பைப் பற்றி இருக்கும். அதன் மதிப்பீட்டில் நூலகத்துக்குத் தனி இடம். தானியங்கு மென்பொருள், மின்வளங்களுக்கான சந்தா, ஆண்டுச் செலவு, தினசரிப் பயன்பாடு எல்லாவற்றுக்கும் ஆதாரம் வேண்டும். வருகைப் பதிவேட்டை ஆய்வுக்கு முந்தைய மாதம் உட்கார்ந்து எழுதுவது பல இடங்களில் நடக்கிறது. கணினி வழி நுழைவுப் பதிவு முதல் நாளிலிருந்தே இருந்தால் அந்தக் கூத்துக்கு அவசியமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற ஆய்விதழ்ச் சந்தாத் திட்டம் அரசு நிறுவனங்களுக்குரியது என்பதையும், தனியார் கல்லூரிக்கு டெல்நெட் போன்ற வழிகள் உண்டு என்பதையும் சொல்லத் தெரிந்தால் நேர்காணலில் மதிப்பு கூடும்.

பணியில் அன்றாடச் சங்கிலி இது: புத்தகம் வந்ததும் பில்லோடு ஒப்பிடுவது, கிழிந்த தாள், விடுபட்ட பக்கம் பார்ப்பது, வரவுப் பதிவேட்டில் ஏற்றுவது, முத்திரை, பகுப்பெண், பட்டியல், முதுகுச் சீட்டு, அடுக்கு. பக்கம் சரிபார்க்குமுன் முத்திரை குத்திவிட்டால் விற்பனையாளர் திருப்பி எடுக்கமாட்டார். பில்லின் பின்புறம் ‘வரவு எண் இன்னது முதல் இன்னது வரை பதிவேட்டில் ஏற்றப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பம் இடுங்கள். தணிக்கையாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தொலைந்த புத்தகங்கள் பற்றிய பயமே புது நூலகரை அலமாரியைப் பூட்டவைக்கிறது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் இதில் நிதானமானவை. 20,000 நூல் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழு இருப்புச் சரிபார்ப்பு. 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை. அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு. ஓராண்டில் வழங்கிய அல்லது பார்வைக்கு எடுத்த 1,000 நூலுக்கு 5 வரை தொலைவது, நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை, ஏற்கத்தக்க இழப்பு. ரூ.1,000க்கு மேற்பட்ட விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம். உங்கள் நிறுவனம் மத்திய அரசைச் சேராததாக இருந்தாலும், இந்த வாசகத்தை நூலகக் குழுவின் முன்வைத்து அதேபோன்ற தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி வாங்கலாம்.

பொறுப்பேற்கும் நாளில் பழைய நூலகரோ அலுவலகமோ ஒரு பட்டியலை நீட்டி, ‘மொத்தம் இத்தனை நூல் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துக் கேட்பார்கள். எண்ணாமல் போட்டால், முன்பு தொலைந்ததும் உங்கள் கணக்கில் வரும். ‘இருப்புச் சரிபார்ப்புக்கு உட்பட்டு’ என்ற சொற்களைக் கையெழுத்துக்கு மேல் எழுதுங்கள். முதல் மாதத்துக்குள் சரிபார்ப்பை நடத்தி, இல்லாத நூல்களின் பட்டியலை எழுத்துமூலமாக முதல்வருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.